கையால் பார்க்கப்படும்

எழுதினாலும் போச்சு, எழுதாவிட்டாலும் போச்சு. 'சம்மதம்' என்று ஒரே ஒரு சொல். அதை அடிக்க வேண்டிய பெட்டி திரையில் வெறுமனே கிடந்தது, அதற்குள் ஒரு கோடு விட்டு விட்டு மினுக்கிக்கொண்டிருந்தது, கோமதிநாயகம் காலையில் காப்பி குடித்ததிலிருந்து அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். காப்பி குடித்தோமா? குடித்தோம், டம்ளர் இங்கேதான் இருக்கிறது, அடியில் மண்டி காய்ந்து ஒட்டியிருக்கிறது, ஆகக் குடித்தாயிற்று. இப்போதெல்லாம் எதற்கும் சாட்சி கேட்க வேண்டியிருக்கிறது. வெளியே ஐப்பசி மழை பெய்யவும் செய்யாமல் விடவும் செய்யாமல் மூட்டம் போட்டு நின்றது, பாளையங்கோட்டையே காயாத வேட்டி மாதிரி நாறியது, மாடியில் யாரோ கட்டிலை இழுத்தார்கள். ஒரு சொல், அதை எழுத மனுசருக்கு மூணு நாளாகக் கை வரவில்லை. சம்மதம் கேட்டிருப்பது 'பிறை' என்கிற ப்ராஜெக்ட். தமிழ் மாதம், திதி, நட்சத்திரமெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்கிற இலவச மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். அனுப்பிய திருத்தத்தை இன்னொருத்தர் வாசித்துக் குறை சொல்வார், குறை இல்லையென்றால் சம்மதம் என்று எழுதுவார். எல்லாப் பேச்சும் தமிழில்தான் நடக்க வேண்டும், பெரிய மாற்றமென்றால் இரண்டு பேர் சம்மதம் எழுத வேண்டும், அது அங்கே ஆரம்பத்திலிருந்து உள்ள வழக்கம். இந்தத் தடவை மாற்றத்தைக் கொண்டுவந்திருப்பவன் நாதன். யாழ்ப்பாணத்திலிருந்து யசோதரன் என்று ஒருத்தர் வந்த அன்றைக்கே சம்மதம் எழுதிவிட்டார். பாக்கி இவர். நாதன் என்றால் குற்றாலநாதன், கோமதிநாயகத்தின் ஒரே மகன், பின்லாந்தில் இருக்கிறான், அப்பாவோடு அவன் போனில் பேசி நாலாவது வருஷம் நடக்கிறது.

நாதன் கொண்டுவந்திருப்பது ஒரு கருவி, ஸ்டாடிக் அனாலிசிஸ் என்று அதற்குப் பெயர். ப்ரோகிராமை ஓட்டியே பார்க்காது. எழுதியதை மட்டும் வரி வரியாக வாசித்துவிட்டு இங்கே கோளாறு வரும், அங்கே கோளாறு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். இனிமேல் யார் திருத்தம் அனுப்பினாலும் முதலில் அதுதான் வாசிக்கும், அதுதான் குறை சொல்லும், அது விட்ட பிறகுதான் மனுசன் கண்ணுக்கே வரும். நல்ல காரியம்தானே, யார் இல்லை என்றது. கோமதிநாயகமே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெஸ்ட் டெஸ்க்கில் காலம் முழுக்க உட்கார்ந்து, லைனைத் தொட்டு, மீட்டரில் முள் ஆடுவதைப் பார்த்து, 'வே, முருகன்குறிச்சிப் பக்கம் கேபிள்ல தண்ணி எறங்கிட்டு, ஆளை அனுப்பும்' என்று, சந்தாதாரர் புகார் சொல்வதற்கு முன்னாலேயே சொன்னவர். அந்த ஆளுக்கு இது புரியாதா? புரிந்தது. புரிந்ததுதான் வினை. நாதன் தன் கோரிக்கைக்குக் கீழே காரணம் எழுதியிருந்தான், அவன் எல்லாவற்றுக்கும் காரணம் எழுதுகிறவன். 'பிழை வெடித்த பிறகு தெரிந்து என்ன பயன்? முன்னாலேயே தெரிந்தால் எதையாவது செய்ய நேரம் இருக்கும்.' ப்ரோகிராமைப் பற்றித்தான் எழுதியிருக்கிறான். யசோதரன் வாசித்தால் ப்ரோகிராமைப் பற்றித்தான். கோமதிநாயகம் வாசித்தால் அந்த வரி திரையிலிருந்து இறங்கி வந்து மார்புக்கு நேரே நிற்கிறது. முன்னாலேயே தெரிந்தால். எதையாவது செய்ய. நேரம் இருக்கும். சவம், ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போகத் தெரியாதா என்று தன்னையே வைதுகொண்டார். தாண்டினார். திரும்பவும் கண் அங்கேயே வந்து நின்றது.

மகன் பேச்சை நிறுத்திய பிறகு ஒரு ஆறு மாசம் இவரும் வீம்பாகத்தான் இருந்தார். பிறகு ஒரு நாள், அவன் லீவுக்கு வந்தபோது சொல்லிக்கொடுத்த கோடிங்கை வைத்துக்கொண்டு, திதிக் கணக்கில் ஒரு சின்னத் திருத்தம் செய்து, நாதன் பார்த்துக்கொள்கிற 'பிறை'க்கு அனுப்பினார். பெயரை மறைக்கவில்லை, கோமதிநாயகம் என்றே அனுப்பினார். மறுநாள் அவனிடமிருந்து பதில் வந்திருந்தது. 'வணக்கம். திருத்தத்துக்கு நன்றி. இருபதாவது வரியில் மதிப்பு காலியாக வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?' அப்பா என்று இல்லை, ஊர் பேர் தெரியாத ஆளுக்கு எழுதுகிற மாதிரி, யோசித்தீர்களாவாம். அதை எத்தனை தடவை வாசித்தார் என்று கணக்கில்லை. சாப்பிடும்போது வாசித்தார், கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு போனில் வாசித்தார். யோசிக்கலியேடே, யோசிக்கலியே என்று வாய்விட்டுச் சொன்னார். சரி செய்து அனுப்பினார், அதற்கு அவன் இன்னும் நாலு வரி எழுதினான். அமாவாசை இரண்டு நாளில் விழுந்தால் எந்த நாளை எடுப்பது என்று கேட்டதற்குக் கோடும் புள்ளியுமாகப் படமே போட்டு விளக்கினான். பிறகு இவர் தேறிவிட்டார். தேறிய கோட் அனுப்பினார். 'சம்மதம். நன்றி.' அவ்வளவுதான் வந்தது. அடுத்த தடவையும் அதுவே. அடடா, நன்றாக எழுதினால் இதுதானா கூலி? அன்றைக்குத்தான் ஆரம்பித்தது அந்தப் புத்தி. வேண்டுமென்றே பூஜ்யத்தால் வகுக்க வழி விட்டு வைப்பார். தேவையில்லாத ஒரு மதிப்பை எடுத்து வைத்துவிட்டு உபயோகிக்காமல் போட்டுவைப்பார். சோற்றில் தெரிந்தே கல்லைப் போட்டுவிட்டு, கடிபட்டதா என்று எதிரே சாப்பிடுகிறவன் முகத்தைப் பார்க்கிற வேலை. கடிபடும். அவன் எழுதுவான். பொறுமையாக எழுதுவான், திட்டமாட்டான், ஒரு தடவை 'இதை ஏற்கெனவே பேசியிருக்கிறோம் என்று நினைக்கிறேன்' என்று எழுதினான், அந்த 'றோம்' இவருக்கு ஒரு வாரம் தாங்கியது. மூணு வருஷமாக அப்பனுக்கும் மகனுக்கும் நடுவே ஓடுகிற பேச்சு இது ஒன்றுதான். இனி அந்தக் கல்லையெல்லாம் மெஷின் பொறுக்கிவிடும். வரி இருபது, மதிப்பு காலியாக வரலாம், என்று மெஷின் சொல்லும். மெஷினுக்கு என்ன, அது யோசித்தீர்களா என்று கேட்குமா? எல்லாக் கல்லையும் அது பொறுக்கிச் சுத்தம் செய்த பிறகு நாதன் வந்து சம்மதம், நன்றி என்று எழுதிவிட்டுப் போவான். அதற்குத்தான் இவரிடமே கையெழுத்துக் கேட்கிறான். எழுதாமலேயே விட்டால்? எழுதாமல் விட்டால் அவன் வேறு ஆளிடம் கேட்டு வாங்குவான், அப்பா முடக்கிப் போட்டார் என்பது ஒன்றுதான் மிச்சமாகும்.

முடக்கிப் போடுவது அவருக்குப் புதிசா? சம்சாரம் உலகம்மாள் விஷயத்தில் செய்ததும் அதுதானே. ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து உலகம்மாள் கட்டிலில் உட்கார்ந்து வளையலைக் கழற்றிக்கொண்டே ஏதோ சொன்னாள். 'பிள்ளைட்ட சொல்லாண்டாம், படிப்ப முடிக்கட்டும்' என்று சொன்னாள். அப்படித்தான் சொன்னாள். அவன் அப்போது ஆராய்ச்சிப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருந்தான். சொல்லாண்டாம் என்றுதானே சொன்னாள்? வளையல் கையில் மாட்டிக்கொண்டு வரவில்லை, சோப்புத் தண்ணி கொண்டாங்க என்றாள், அது தெளிவாக இருக்கிறது, சோப்பு மஞ்சள் நிறம், அதுகூட இருக்கிறது, ஆனால் அந்த ஒரு வார்த்தை மட்டும் கொஞ்ச நாளாக வழுக்குகிறது. சில நாள் காலையில் எழுந்திருக்கும்போது 'பிள்ளைட்ட சொல்லிருங்க' என்று அவள் சொன்ன மாதிரி இருக்கிறது. அதே குரல், அதே வளையல். எது நடந்தது? கேட்பதற்கு அவள் இல்லை. இவரிடமே கேட்டால் இவர் ஒரு நாள் ஒன்று சொல்கிறார். எதுவானாலும், இவர் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசுவாள், முகத்துக்குப் பவுடர் போட்டு, குங்குமம் வைத்து, ஊசி குத்திய கையைச் சேலைக்குள் வைத்துக்கொள்வாள், போனை இவர்தான் பிடிப்பார். எந்தக் கோணத்தில் பிடித்தால் கன்னம் ஒட்டியது தெரியாது என்று இவருக்கு அத்துப்படி ஆகிவிட்டது. 'ஏம்மா மெலிஞ்சிட்ட?' 'வெரதம்டே.' கொஞ்சம் தள்ளிப் பிடியுங்க என்று கண்ணாலேயே சொல்வாள், இவர் தள்ளிப் பிடிப்பார். அப்படித் தள்ளித் தள்ளிப் பிடித்துத்தான் அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து மறுநாள் ஆகிவிட்டது. தோளில் பையை இறக்காமலே கேட்டான், 'எத்தனை மாசமாத் தெரியும் உங்களுக்கு?' இவர் சொன்னார், 'இப்பத்தான்டே, கொஞ்ச நாளா.' பிரிட்ஜுக்கு மேலே ஸ்கேன் கவர் கிடந்தது, அவன் அதை எடுத்தான், தேதியைப் பார்த்தான், கிடந்த இடத்திலேயே வைத்தான். மொட்டை போட்டான், காரியத்தையெல்லாம் ஒழுங்காகச் செய்தான், போய்விட்டான். அதற்கப்புறம் போன் அடித்தால் எடுக்கவே இல்லை.

'அண்ணாச்சி, என்ன இது, அரிசி களைஞ்சு ஊறப் போட்டிருக்கிய?' பேச்சியம்மாள் எப்போது வந்தாள்? சமையலுக்கும் வீடு பெருக்கவும் வருகிறவள், கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை. அடுப்படியிலிருந்து தலையை நீட்டி நிற்கிறாள், கையில் பாத்திரம். 'ஆமா, உனக்குத் தோதா இருக்கட்டும்னுதான்.' 'தோதா? குக்கர்ல சோறு வெந்து கெடக்கே, நீங்கதான வச்சிய? யாரும் விருந்தாளு வருதாவளா?' சோறு வைத்தோமா? இவர் டம்ளரைப் பார்த்தார். டம்ளர் காப்பிக்குத்தான் சாட்சி, சோற்றுக்கு இல்லை. 'வருவாவ' என்றார். 'யாரு?' 'வருவாவன்னு சொன்னேம்லா, போய் சோலியப் பாரு.' பேச்சியம்மாள் போகவில்லை. 'போன வாரமும் இப்படித்தான் செஞ்சிய. மிச்சச் சோத்த நான் போறப்ப எடுத்துட்டுப் போனேன், கோவிச்சிக்கிடாதிய. தம்பிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா அண்ணாச்சி?' 'என்னத்தச் சொல்லச் சொல்லுத? அரிசி ஊறுதுன்னா?' 'ஒண்ணுமில்ல, சும்மாச் சொன்னேன்' என்று உள்ளே போய்விட்டாள். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. போன வாரமுமா? இவருக்குப் போன வாரம் என்று தேடினால் வெள்ளையாக ஒன்று வருகிறது, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி, அதில் ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன.

நேற்றுச் சாயங்காலம் செய்ததை நினைக்கக்கூடாது என்றுதான் காலையிலிருந்து பார்க்கிறார். நினைக்கக்கூடாது என்றால் அதுதான் முதலில் வந்து நிற்கும், மனசு அப்படிக் கோட்டி பிடித்தது. சம்மதம் எழுதுமுன் அந்தக் கருவி என்னதான் சொல்கிறது பார்ப்போம் என்று இறக்கி, தன்னுடைய போல்டரின் மேல் மட்டும் ஓட விட்டார். திதி என்று பெயர் அந்த போல்டருக்கு, அதில் கைவைப்பது பெரும்பாலும் இவர் ஒருத்தர்தான். போட்ட கல்லெல்லாம் இவருக்குத் தெரியும். இது கண்டுபிடிக்கும், இது கண்டுபிடிக்காது என்று விளையாட்டுப்போல விரல் விட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்தார். போட்ட கல்லையெல்லாம் அது வெரசாகப் பொறுக்கிவிட்டது. பிறகும் நிற்கவில்லை. வரி வரியாக இறங்கிக்கொண்டே இருந்தது. இதை நான் போடவில்லையே. இதையும் போடவில்லையே. மூடாத இடம், தொடங்கிப் பாதியில் விட்ட இடம், ஒரே கேள்வியை அடுத்தடுத்து இரண்டு தடவை கேட்கிற இடம். வயசாகிறது, கவனப் பிசகு, இருக்கட்டும் என்றுதான் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் ஒன்று வந்தது. 'இந்தக் கணக்கு ஏற்கெனவே எழுதப்பட்டுள்ளது.' சூரியன் உதிக்கும்போது என்ன திதி என்று கண்டுபிடிக்கிற கணக்கு. ஆடியில் எழுதி 'உதயதிதி' என்று பெயர் வைத்திருக்கிறார். ஆவணியில் அதையே, அதே வரிசையில், எழுதி 'காலைத்திதி' என்று பெயர் வைத்திருக்கிறார். புரட்டாசியில் மூன்றாவது தடவையாக எழுதி 'விடியல்திதி'. மூன்றும் வேறு வேறு ஃபைலில் இருக்கின்றன. மூன்றிலும் எழுதியவர் பெயர் கோமதிநாயகம். பெயரெல்லாம் யோசித்து அழகாகத்தான் வைத்திருக்கிறார், அதுதான் கொடுமை. ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் வைத்த பெயர். விடியல்திதி எழுதிய நாள் இவருக்கு ஞாபகம் இருக்கிறது, அடேயப்பா நமக்கும் இது வருகிறதே என்று எழுந்து ஒரு நடை நடந்தார். மற்ற இரண்டும் எழுதிய ஆள் யார் என்றே தெரியவில்லை. கையெழுத்து இவருடையது, ஆளைக் காணோம்.

ஆடி. ஆடி அமாவாசை அன்றைக்குக் குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் முங்கி, அய்யா அம்மாவுக்கும் உலகம்மாளுக்கும் எள்ளும் தண்ணியும் விட்டுவிட்டு, ஈரத் துண்டோடு மேலே ஏறி வந்தார். ஏறினால் எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. கூட்டம் இடித்துக்கொண்டு போகிறது. ஆட்டோக்காரன் வந்து 'எங்க போணும் பெரியவரே?' என்று கேட்டான். எங்கே போக வேண்டும்? வாய் திறந்துதான் இருந்தது. அந்தப் பையன் இரண்டாவது தடவை கேட்டான், கொஞ்சம் சத்தமாக, காது கேட்காத ஆளிடம் கேட்கிற மாதிரி. அப்புறம் எங்கிருந்தோ தெருப் பேர் வந்துவிட்டது, வந்ததும் நிறைய வந்தது, வீட்டு நம்பர், பின்கோடு வரை சொன்னார், அவன் சிரித்தான், இவரும் சிரித்தார். பிறகு டாக்டரைப் போய்ப் பார்த்தார், பார்க்காமல் இல்லை. டாக்டரம்மா சின்ன வயசு. கடிகாரம் ஒன்று வரையச் சொன்னாள், எக்ஸ்சேஞ்ச் கடிகாரத்தையே வரைந்தார், நம்பரெல்லாம் ஒரு பக்கமாகப் போய் ஒண்டிக்கொண்டது. அவள் அந்தத் தாளை மடித்து வைத்தாள். 'அடுத்த வாட்டி வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க அப்பா, தனியா வரவேண்டாம்' என்றாள். யாரைக் கூட்டிக்கொண்டு போவது? பேச்சியம்மாளையா? அடுத்த வாட்டி என்பதே இல்லாமல் போனது. இப்போது ஐப்பசி. பயமாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வது, பயமாகத்தான் இருக்கிறது. உலகம்மாளுக்கு உடம்புதான் போனது, கடைசி வரை மகன் பேர் மாறவில்லை. நமக்கு எது முதலில் போகும்? திதியா, தெருவா, யோசித்தீர்களாவா? அவன் முகமா?

கோடு மினுக்கிக்கொண்டே இருந்தது. சம்மதம் எழுதித் தொலைப்போம், எழுதுமுன் முழுசாக ஒரு தடவை வாசித்துவிடுவோம், வாசிக்காமல் சம்மதம் எழுதிய பாவம் ஒன்றுதான் பாக்கி என்று கோரிக்கையோடு சேர்த்து அனுப்பியிருந்த ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். கருவிக்கு உத்தரவு கொடுக்கிற ஃபைல் கடைசியில் இருந்தது. எதையெல்லாம் வாசிக்க வேண்டும், எதையெல்லாம் வாசிக்க வேண்டாம் என்று அதில் இருந்தது. வாசிக்க வேண்டாம் என்பதில் ஒரே ஒரு பெயர். திதி. பக்கத்தில் காரணம் எழுதியிருந்தான். 'திதி: கையால் பார்க்கப்படும். நாதன்.' மாடியில் கட்டிலை மறுபடி இழுத்தார்கள். ப்ராஜெக்டில் இருக்கிற அத்தனை போல்டரையும் மெஷின் வாசிக்கும், இவருடையதை மட்டும் வாசிக்காது. இவருடையதை நாதன் வாசிப்பான், கையால். அவனுக்குத் தெரியுமா? கல்லை இவர்தான் போடுகிறார் என்று தெரிந்துதான் இத்தனை வருஷம் பொறுக்கிக்கொண்டிருந்தானா? போடட்டும், நான் பொறுக்குகிறேன், என்றா இதை எழுதினான்? பேச்சியம்மாள் பார்த்துவிடப் போகிறாள் என்று மேல்துண்டால் மூக்கைத் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது. இல்லை, இந்தக் கிழவன் கோட் மேல் மெஷினை விட்டால் பக்கம் பக்கமாக வார்னிங் வரும், மானம் போகும், ஒதுக்கி வை என்று ஒதுக்கினானா? அதுவும் இருக்கலாம். இல்லாவிட்டால், அது இன்னும் மோசம், உதயதிதியும் காலைத்திதியும் விடியல்திதியும் அவன் கையால்தானே கடந்து போயிருக்கின்றன, மூன்றுக்கும் அவன்தானே சம்மதம் எழுதினான், அவன் கண்ணில் படாமலா இருக்கும்? பார்த்துவிட்டானா? பார்த்துவிட்டுத்தான் நாலு பேர் பார்க்கக்கூடாது என்று போனைத் தள்ளிப் பிடிக்கிறானா? எங்கிருந்து கற்றுக்கொண்டான் அதை? வேறு எங்கிருந்து, இந்த வீட்டிலிருந்துதான்.

எப்படியானாலும் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. இப்போது சம்மதம் எழுதினால் ஒன்றும் மாறப்போவதில்லை, மெஷின் மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும், இவர் பாட்டுக்குக் கல்லைப் போடலாம், அவன் பாட்டுக்கு வரி இருபதில் என்று ஆரம்பிப்பான். நன்றாகத்தானே இருக்கிறது? எழுது, கோமதிநாயகம், எழுதிவிட்டுச் சாப்பிடப் போ. குக்கர் நிறையச் சோறு இருக்கிறது. விரலைக் கொண்டுபோய் வைத்தார். ச என்று அடித்தார். எவ்வளவு நாளைக்கு? இன்னும் இரண்டு திதி எழுதுவார், மூன்று எழுதுவார், அவன் கையால் பார்ப்பான், கை ஒரு நாள் அசந்துவிடும். ஒரு நாள் இவர் எதுவும் அனுப்பமாட்டார். அவன் ஒரு மாசம் பார்ப்பான், வேலை இருக்கும் போல என்று நினைப்பான். பிறகு பேச்சியம்மாளோ மாடிவீட்டுக்காரரோ யாரோ நம்பர் தேடிப் போன் போடுவார்கள், அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்பான், கட்டிலில் ஒரு ஆள் உட்கார்ந்து அவனைப் பார்த்து, வாங்க தம்பி, யாரு வேணும் என்று கேட்கும். அப்போது அவன் எத்தனை மாசமாத் தெரியும் என்று யாரிடம் கேட்பான்? தெரிந்த ஆள்தான் இருக்கமாட்டாரே. சொல்லாண்டாம் என்றாளோ சொல்லிருங்க என்றாளோ, அது இனிமேல் தெரியப்போவதில்லை. ஆனால் இந்த மறதி தன்னுடையது, இதைச் சொல்ல அவளைக் கேட்க வேண்டியதில்லை. ச-வை அழித்தார். அந்த உத்தரவு ஃபைலைத் திறந்து, திதி இருந்த வரியை நீக்கினார், காரணத்தையும் சேர்த்து நீக்கினார். கையால் பார்க்கப்படும் என்பதை அழிக்கும்போது மட்டும் ஒவ்வொரு எழுத்தாக அழித்தார், ஒரேயடியாக அழிக்க மனசு வரவில்லை. அதை அனுப்பிவிட்டுக் கீழே எழுத ஆரம்பித்தார். நல்ல தமிழில்தான் எழுத வேண்டும் என்று ஆரம்பித்தார். 'வணக்கம். திதி போல்டரை விலக்க வேண்டாம். மெஷின் வாசிக்கட்டும். அதில் வருகிற பிழைகளில் கொஞ்சம் நான் தெரிந்தே போட்டவை. நீங்கள் எழுதும் பதிலுக்காகப் போட்டேன், மன்னிக்கவும். மற்றவை நான் போட்டவை அல்ல. ஒரே கணக்கை மூன்று தடவை எழுதியிருக்கிறேன், முதல் இரண்டு எழுதிய ஞாபகம் எனக்கு இல்லை. சோறும் இரண்டு தடவை வைக்கிறேன். டாக்டரம்மா வீட்டிலிருந்து ஆளைக் கூட்டி வரச் சொன்னார்கள். முன்னாலேயே தெரியட்டும் என்று எழுதுகிறேன். சம்மதம்.' யசோதரன் பார்ப்பார், ஊர் உலகமே பார்க்கும், மானம் போகும். போகட்டும் என்று அனுப்பிவிட்டார்.

மெஷின் ஓடியது. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, பிறகு சிவப்பாக நின்று, திதியில் உள்ள எல்லாவற்றையும் ஒன்று விடாமல் இறக்கியது. இவருடைய பெயர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் வந்தது. பேச்சியம்மாள் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து மேஜை ஓரத்தில் வைத்தாள். 'ஆறுதுக்குள்ள சாப்பிடுங்க அண்ணாச்சி. ஊறுன அரிசிய அரைச்சிருதேன், நாளைக்குத் தோசைக்கு ஆவும்.' 'சரி.' 'விருந்தாள இன்னுங் காணோமே?' 'வரும்' என்றார். சோறு ஆறியது. அங்கே இப்போது காலை, ஆபீசுக்குப் போயிருப்பான், பார்த்திருக்கமாட்டான். பார்த்திருப்பான், பதில் எழுதப் பிடிக்காமல் மூடியிருப்பான். இத்தனை வருஷமாகத் தெரிந்தே ஏமாற்றியிருக்கிறார் என்று மூடியிருப்பான், யார்தான் மூடமாட்டார்கள். பேச்சியம்மாள் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். மழை கடைசியில் பெய்தே விட்டது, ஜன்னலோரம் தரை நனைகிறது, எழுந்து சாத்த வேண்டும், சாத்தினோமா? சாத்தவில்லை, நனைகிறதே. எழுந்து சாத்திவிட்டுத் திரும்பும்போது திரையில் புதுசாக ஒன்று வந்திருந்தது. வணக்கம் இல்லை, நன்றி இல்லை, வரி எண் இல்லை.

'எத்தனை மாசமாப்பா?'

நின்றபடியே வாசித்தார். இந்தக் கேள்விக்கு ஒரு தடவை பதில் சொன்ன ஆள்தான் அவர். கொஞ்ச நாளா என்பது வாயில் ரெடியாக இருந்தது, பழகின வார்த்தை, எதை மறந்தாலும் அது மறக்காது போலிருக்கிறது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஆட்டோக்காரப் பையன் சிரித்தது ஞாபகம் வந்தது, துண்டின் ஈரம் முதுகில் இறங்கியது ஞாபகம் வந்தது. இருந்தாலும் நம்ப முடியாது என்று உதயதிதி எழுதிய தேதியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அதே வாரம்தான். 'ஆடி அமாவாசையிலேருந்துடே' என்று அடித்தார், வாசித்தார், எதையும் குறைக்காமல் அனுப்பினார்.